தாய்மாமன் சீரும் பதினைந்து வாட்டும்

பாலக்காடு
18.8.1974

இயேசு, மரி, சூசை துணை. (இது பெரிய சூசை. நான் இல்லை.)

மருமகள் பிலோமிக்கு உன் தாய்மாமன் சூசையப்பன் எழுதுவது. நலம் விசாரிக்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். ஈஸ்டருக்கு வண்டன்மேடு வந்து, கொச்சி சிஸ்டர் உனக்கு விட்டுப்போன கிட்டாருக்குள் சத்தம் பிடிக்கிற பிக்கப் வைத்துக் கொடுத்த அன்றைக்கே உன் அம்மாவிடம் சொன்னேன்: "செபமாலை, இந்தப் புள்ள கோயில் பாட்டுல சேருவா. நாப்பது பேரு பாடுற சத்தத்துல கிட்டாரு அமுங்கிப்போகும். சாமியாரு மூஞ்சியச் சுளிப்பாரு. கடைசியில எங்கிட்டதான் வருவீங்க." இப்போது உன் கடிதம் வந்திருக்கிறது. எழுத்துக்கு எழுத்து நான் சொன்னதேதான். உன் அம்மா இல்லை என்பாள், அவளுக்கு ஞாபகசக்தி கம்மி.

கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்கிறாய். அது என் பொறுப்பு. இந்தப் பாலக்காட்டில் சவுண்டு சர்வீஸ் என்றால் சூசையப்பன்தான். முதலாளிக்குக் கடைச் சாவி தெரியும், எனக்கு வால்வு தெரியும். நீ கோயிலில் முதன்முதலாக அப்பம் வாங்கிய புதுநன்மை அன்று நான் வரவில்லை. கோவிந்தாபுரத்தில் மந்திரி கூட்டம், என் கை இல்லாமல் மைக் பேசாது என்று ஜீப் அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குப் போடாத சீர் இன்னும் பாக்கி நிற்கிறது. ஜனவரியில் செபஸ்தியார் திருநாளுக்கு ஆம்ப்ளிஃபயரைச் சீராகக் கொண்டுவருவேன். ஐம்பது வாட். அதற்குக் கீழே நான் கையால் தொடுவதில்லை.

எனக்கு உடம்பு கல்லு. உன் அம்மாவின் முழங்கால், கபிரியேல் மச்சானின் சளி, இரண்டையும் பற்றி எழுது.

உன் மாமன்,
சூசையப்பன்


வண்டன்மேடு
2.9.1974

அன்பான சூசை மாமாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். அம்மாவுக்கு மழை பெய்தால் முழங்கால் வலிக்கிறது. இங்கே எப்போதுதான் பெய்யவில்லை? அப்பா கங்காணி வேலையில் சளியோடு சளியாக ஓடிக்கொண்டிருக்கிறார். நீங்கள் உடம்பு கல்லு என்று எழுதியதை வாசித்துவிட்டு அம்மா, "கல்லுதான், கூப்பிட்டாத் திரும்பாது" என்றாள். ஈஸ்டருக்கு நீங்கள் பிக்கப் வைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று எத்தனையோ தடவை சாப்பிடக் கூப்பிட்டாளாம்.

மாமா, நீங்கள் சீர் என்று எழுதியதைப் படித்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் ஐம்பது வாட் வேண்டுமா என்று யோசியுங்கள். எங்கள் கோயில் உங்களுக்குத் தெரியும். ஏலக்காய் ஸ்டோரைவிடக் கொஞ்சம் பெரிசு, ஓட்டுக்கூரை. பாட்டைத் தொடங்கி வைப்பது மதலேனம்மாள். அறுபது வயதுக்கு மேலே, குரல் மட்டும் இன்னும் கணீரென்று. அவர்தான் சாமியாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்: "சாமி, கிட்டாரு கேக்கணும், வேண்டாங்கல. ஆனா எங்க தொண்டை எங்களுக்குக் கேக்கணும்லா."

சாமியார் முடிவாகச் சொல்லிவிட்டார். திருநாள் அன்று பார்ப்பாராம். கிட்டார் பாட்டைத் தூக்கிக் கொடுத்தால் இருக்கட்டும். அமுங்கினாலும் சரி, அமுக்கினாலும் சரி, கிட்டார் பீரோவுக்குள், ஆர்மோனியம் வெளியே. பகல் முழுதும் ஸ்டோரில் காய் பொறுக்குகிறேன் மாமா. சாயங்காலம் அந்தக் கிட்டாரை எடுக்கிற நேரம் ஒன்றுதான் எனக்கென்று இருக்கிறது. அது பீரோவுக்குள் போகக் கூடாது.

பதினைந்து வாட்டில்கூட வால்வுப் பெட்டி உண்டு என்று சிஸ்டர் சொன்ன ஞாபகம். நீங்கள் கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் காதை நம்பியிருக்கிறேன்.

பிரியமுள்ள,
பிலோமி


பாலக்காடு
21.9.1974

ஆறு கம்பிகளையும் ஆண்டவர் காப்பாராக.

மருமகளே, உன் கடிதம் கிடைத்த மறுநாளே கொழிஞ்சாம்பாறைக்குப் பஸ் ஏறிவிட்டேன். அங்கே பொங்கியண்ணன் இருக்கிறார். கோயமுத்தூர் வரைக்கும் ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர் என்றால் அவர்தான். என்னைக் கண்டதும் சாலிடர் இரும்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். (காலில் ஏதோ விழுந்ததாகச் சொன்னார். அதெல்லாம் கௌரவத்துக்குச் சொல்வது.)

இரண்டு பெட்டி தயாராக இருந்தது. ஒன்று பதினைந்து வாட். பிரட்டுப் பெட்டி அளவு, உள்ளே கட்டைவிரல் தடிமனுக்கு இரண்டு கண்ணாடி வால்வு. இன்னொன்று ஐம்பது. வால்வு ஒவ்வொன்றும் வெள்ளரிப் பிஞ்சு. டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் ஒரு ஆட்டுக்கல் கனம். நல்லவேளையாக ஞானஜோதி என்று கோயமுத்தூர் பாண்டுக்காரர் ஒருவர் தன் பெட்டியை ரிப்பேருக்குக் கொண்டுவந்திருந்தார். அவரையே வாசிக்கச் சொன்னோம்.

முதலில் பதினைந்து. பிலோமி, சத்தியமாகச் சொல்கிறேன், பாட்டிலுக்குள் கொசுவை விட்டு மூடினால் எப்படி இருக்கும், அப்படி. ஞானஜோதியின் விரல் ஆடுகிறது, தலை ஆடுகிறது, சத்தத்தை மட்டும் காணோம். ஐம்பதைப் போட்டோம். ஆகா, அது சத்தம். என் சட்டைப் பொத்தான் அதிர்ந்தது.

பொங்கியண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. கொங்கு நாட்டு ஆள், மரியாதை போட்டே சண்டை பிடிப்பார். "ஏனுங்க சூசை, வாட்டு மூணு மடங்குன்னா சத்தமும் மூணு மடங்குன்னு நெனச்சுப்போட்டீங்களா. காதுக்குக் கொஞ்சந்தானுங்க கூடத் தெரியும். பதினஞ்ச முக்காவாசி திருகுனா வால்வுக்கு வேர்க்கும். வேர்த்தாத்தானுங்க அது பாடும், லேசாத் தொண்டை கரகரங்கும், சதை புடிக்கும். அம்பத முக்காவாசி திருகுனா உங்க ஊட்டுப் புள்ள கோயில்ல ஓடு எறங்கிரும். கால்வாசியிலயே நிறுத்துனீங்கன்னா அது தூங்கிட்டே வாசிக்கும், சப்புன்னு இருக்கும்."

"பவனி தெருவில் போகும்போது?" என்று மடக்கினேன்.

"அதுக்கு உங்க கொம்பு ஹாரன் இருக்குதல்லோ. சின்னப் பெட்டி முன்னால ஒரு மைக்க வெச்சா முடிஞ்சுபோச்சு" என்றார். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்து வாய்க்குள்ளேயே ஏதோ கேட்டார். இப்போதெல்லாம் அவர் பேச்சு ரொம்ப மெதுவாகிவிட்டது. வயதாகிறது, பாவம்.

நான் ஐம்பதுக்குச் சொல்லிவிட்டேன். இன்னொரு காரணமும் உண்டு. தாய்மாமன் சீர் என்றால் ஊர் பார்க்க வரவேண்டும். இரண்டு ஆள் கம்பு போட்டுத் தூக்கினால்தான் அது சீர். பிரட்டுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தால், கபிரியேல் மச்சான் வீட்டு ஆட்கள் பத்து வருஷத்துக்குப் பேசுவார்கள்.

எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. உனக்கு?

மாமன் சூசையப்பன்


வண்டன்மேடு
10.10.1974

சூசை மாமாவுக்கு வணக்கம். கார்டு என்பதால் சுருக்கமாக. எல்லோரும் சுகம், அம்மா விசாரித்தாள்.

மாமா, ஐம்பது வேண்டாம் என்று நினைக்கிறேன். பொங்கியண்ணன் சொன்னதுதான் சிஸ்டரும் சொன்னது. ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சின்னப் பெட்டி வாசித்தபோது அங்கே இருந்த மற்றவர்களுக்கும் கொசுச் சத்தமாகவா இருந்தது? ஞானஜோதி அண்ணன் என்ன சொன்னார்? உடனே எழுதுங்கள்.

பிலோமி


பாலக்காடு
24.11.1974

எல்லாம் கேட்கிறவர் கிருபையால்.

மருமகளே, பதில் எழுத ஒன்றரை மாதம் ஆனது எனக்கே தெரியும். கல்பாத்தித் தேர் முடிய வேண்டாமா. மூன்று தேர், அத்தனை தெரு, ஆற்றங்கரை வரை மைக் செட். இந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு. இத்தனை காலமும் ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்து அதன் காதைத் திருகுகிற வேலை. அதை முதலாளி ஒரு சின்னப் பயலுக்குக் கொடுத்துவிட்டு, என்னை ஒயர் இழுக்கிறவர்களுக்கு மேற்பார்வையாகப் போட்டிருக்கிறார். "சூசையப்பா, நீ நடந்து பார்த்துக்கோ. உட்கார்ந்தது போதும்" என்றார். பெரிய பொறுப்பு. ஒரு அக்ரஹாரத்து ஒயர் முழுதும் என் காலடியில்.

அதற்கு முன் ஒரு சின்னக் கசமுசா நடந்தது, அதுவும் உன் காதுக்கு வரட்டும். முதல் நாள் நான்தான் சத்தம் வைத்தேன். அளவாகத்தான் வைத்தேன். ஒரு வீட்டு மாமி வாசலுக்கே வந்துவிட்டார். "ஏன்டாப்பா, ஆத்துல கொழந்தை அலறிண்டு எழுந்துடுத்து. நோக்குக் காதே கிடையாதா?" நான் வணக்கம் சொல்லிச் சிரித்தேன். என்ன சொன்னார் என்று பக்கத்தில் இருந்த பயல்தான் பிறகு சொன்னான். பெரிய சத்தத்தைத் தாங்குகிற மனுஷர் இந்தக் காலத்தில் இல்லை.

உன் கார்டுக்கு வருகிறேன். ஞானஜோதி என்ன சொன்னார் என்று கேட்டிருக்கிறாய். அவர் ஏதோ சொன்னார். பாண்டுக்காரர்கள் ஆயிரம் சொல்வார்கள். மாமன் சொல்வதில் நம்பிக்கை இல்லை என்றால் சொல்லிவிடு. ஆர்மோனியம் ஒன்று வாங்கித் தருகிறேன். அதற்கு வாட்டும் இல்லை, வம்பும் இல்லை.

சாப்பாடு சரியாக இறங்கவில்லை. வேறொன்றும் இல்லை.

சூசையப்பன்


வண்டன்மேடு
29.11.1974

என் சூசை மாமாவுக்கு,

கடிதம் இன்று மத்தியானம் கிடைத்தது. இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலில் சாப்பிடுங்கள். அம்மா ஏலக்காய் போட்ட சுக்குப்பொடி அனுப்பியிருக்கிறாள், வெந்நீரில் போட்டுக் குடிக்கச் சொன்னாள். அம்மாவும் அப்பாவும் சுகம். எனக்கு விரல் நுனியெல்லாம் காய்த்துவிட்டது, அது நல்ல அடையாளம் என்று சிஸ்டர் சொல்வார்.

பதவி உயர்வைப் பற்றி அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் சுக்கை இடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அண்ணனுக்கு நடக்கப் பிடிக்கும்" என்றாள்.

மாமா, உங்கள் பேச்சில் நம்பிக்கை இல்லாமல் நான் கேட்கவில்லை. கோயிலில் நாற்பது பேர் பாடும்போது நிற்கிற இடம் வேறு, கடையில் நிற்கிற இடம் வேறு. அங்கே யாரும் பாடவில்லையே. அதனால் ஒரு யோசனை. பொங்கியண்ணன் வீட்டுப் பெண்கள் ஒரு ஏழெட்டுப் பேரைப் பாடச் சொல்லுங்கள். ஒருமுறை ஐம்பதோடு, ஒருமுறை பதினைந்தோடு. நீங்கள் கிட்டாரைக் கேட்கவே வேண்டாம். பாடுகிறவர்களின் கழுத்தைப் பாருங்கள். பெட்டி அதிகமாகிவிட்டால் அவர்கள் குரல் அவர்களுக்கே கேட்காது, கத்துவார்கள், நரம்பு புடைத்துக்கொண்டு வரும். அளவாக இருந்தால் முகம் சாதாரணமாக இருக்கும். கிட்டார் கேட்கவே இல்லை என்றால் ஆளாளுக்கு ஒரு தாளத்தில் போவார்கள், கையைப் பார்த்தால் தெரிந்துவிடும். மதலேனம்மாளை இப்படித்தான் நான் பார்த்துக்கொண்டே வாசிக்கிறேன்.

இதை உங்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. கூட்டத்தின் முகத்தைப் பார்த்து வேலை செய்து பழகியவர் நீங்கள்.

எனக்கு ஆர்மோனியம் வேண்டாம். நீங்கள் கொண்டுவரும் பெட்டிதான் வேண்டும்.

பிலோமி


பாலக்காடு
22.12.1974

பாலன் பிறக்கப்போகிறார், பதினைந்து வாட்டும் பிறந்துவிட்டது.

மருமகளே, நான் ஆரம்பத்திலிருந்தே பதினைந்துதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐம்பது, ஐம்பது என்று எழுதியதெல்லாம் நீ எவ்வளவு உறுதியாக நிற்கிறாய் என்று பார்க்கத்தான்.

பரீட்சையை விவரமாக எழுதுகிறேன். பொங்கியண்ணன் மனைவி குருவம்மாள் தெருப் பெண்களைக் கூட்டி வந்தார். அவர்கள் கும்மிப் பாட்டுத்தான் தெரியும் என்றார்கள். சரி, செபஸ்தியார் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று சொல்லி ஆரம்பித்தோம். ஞானஜோதி கிட்டார். நான் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கழுத்துகளைப் பார்த்தேன். (இந்தக் கழுத்து முறையை முதலில் கண்டுபிடித்தது நான். உனக்கு எப்போதோ சொல்லியிருப்பேன், மறந்திருப்பாய்.)

ஐம்பது வாட் போட்டதும், குருவம்மாள் கழுத்தில் நரம்பு புடைத்து வந்தது, ஒயர் மாதிரி. இரண்டாவது அடியில் ஒருத்தி காதைப் பொத்தினாள். மூன்றாவது அடியில் குருவம்மாள் பாட்டை நிறுத்திவிட்டுப் புருஷனைப் பார்த்து ஏதோ சொன்னார், வாயசைவே பொல்லாததாக இருந்தது. சத்தத்தைக் குறைத்தோம். உடனே கும்மி கலைந்தது. ஒருத்தி கை முன்னே, ஒருத்தி கை பின்னே.

பிறகு பதினைந்து, முக்கால் திருகு. பிலோமி, கழுத்தெல்லாம் வெண்ணெய். அத்தனை கையும் ஒன்றாகத் தட்டியது. பாட்டு முடிந்தும் அவர்கள் நிறுத்தவில்லை, இன்னொரு சுற்று சுற்றினார்கள். குருவம்மாள் சிரித்துக்கொண்டே பாடினார். பொங்கியண்ணன் சட்டென்று என் தோளைத் தொட்டு, காதருகே குனிந்து உரக்கச் சொன்னார்: "இப்பப் பாத்தீங்களா சூசை." பார்த்தேன் என்றேன்.

இனி சீர் விஷயம். அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. பதினைந்து வாட்டையும் ஒரு பெரிய ஸ்பீக்கரையும், ஐம்பது வாட்டுக்கு அடித்து வைத்திருந்த மரப்பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன். பொங்கியண்ணன் முதலில், "எலிக்குட்டிக்கு யானைக் கொட்டாயா" என்று தலையில் அடித்துக்கொண்டார். மாட்டிப் பார்த்த பிறகு, பெரிய மரம் அடிச் சத்தத்தை உருட்டித் தருகிறது என்று அவரே ஒத்துக்கொண்டார். இரண்டு ஆள் தூக்க வேண்டும். கம்பு நுழைய இரும்பு வளையமும் போட்டாகிவிட்டது.

சுக்குப்பொடி கிடைத்தது. பசி வந்துவிட்டது. அம்மாவிடம் சொல். எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் ஆசீர்.

மாமன் சூசையப்பன்


வண்டன்மேடு
4.1.1975

சூசை மாமாவுக்குப் புது வருஷ வாழ்த்து. நாங்கள் நலம், பனிதான் கடுமை. கம்பளியோடு வாருங்கள்.

கம்பத்தில் பஸ் மாறி கம்பம்மெட்டு வழியாக வாருங்கள். பஸ் நிறுத்தத்தில் அப்பா நிற்பார். பெட்டியைத் தூக்க எஸ்டேட்டு ஆட்கள் சின்னமுத்துவும் சங்கையாவும் தயார். மேளத்துக்கும் சொல்லியாகிவிட்டது. எவ்வளவு கனம் என்று சங்கையா கேட்டார். மாமா கௌரவம் அளவுக்கு என்றேன். "அப்ப நாலு ஆளு வேணும்" என்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது மாமா. சீக்கிரம் வாருங்கள்.

பிலோமி


பாலக்காடு
27.1.1975

வெற்றி. செபஸ்தியாருக்கும், அடுத்தபடியாக எனக்கும்.

மருமகளே, சுகமாக வந்து சேர்ந்தேன். நீயும் இருந்தாய், ஊரே இருந்தது. ஆனாலும் நீ கிட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் பாதி உனக்குத் தெரியாது. அதனால் எழுதி வைக்கிறேன், நாளைக்கு உன் பிள்ளைகள் படிக்கட்டும்.

கம்பம்மெட்டுச் செக்போஸ்டில் பஸ் மேலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னார்கள். சார் ஒருத்தர் பின்பலகையைத் திறந்து எட்டிப் பார்த்தார். கட்டைவிரல் வால்வு இரண்டைக் கண்டு, "இத்ர வலிய பெட்டியில் இத்ரயே உள்ளோ?" என்று கேட்டார், இவ்வளவு பெரிய பெட்டிக்குள் இவ்வளவுதானா என்று. நான் சொன்னேன், "சாரே, கோயிலும் பெரிசுதான், உள்ளே இருக்கிற அப்பம் சின்னதுதான்." அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

சீர் வந்த அழகைச் சொல்லவா. முன்னால் மேளம், பின்னால் உன் அம்மாவுக்குச் சேலை, பழத்தட்டு, மெழுகுதிரி, அதற்குப் பின்னால் சின்னமுத்துவும் சங்கையாவும் கம்பில் பெட்டி. சங்கையா நாக்கு வெளியே வந்துவிட்டது. லயத்து வாசலெல்லாம் ஜனம். "இது எத்தனை வாட்டுய்யா?" என்று ஒரு ஆள் கேட்டார். "திருகிப் பார்த்தால் தெரியும்" என்றேன். பொய் சொல்லவில்லை. கபிரியேல் மச்சானின் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. சாமியார் வாசலுக்கே வந்து, "சூசையப்பா, இது உள்ளே நுழையுமா, சுவரை இடிக்கணுமா?" என்றார். அவர் முகத்தில் கிலி.

பிறகு நீ வாசித்தாய். நான் கோயிலின் கடைசித் தூணில் சாய்ந்துகொண்டு நின்றேன். முக்கால் திருகு, நான் வைத்த இடம். பிலோமி, ஆறு கம்பியும் தனித்தனியாக நடந்து வந்து என் காதில் இறங்கியது. கடைசிப் பாட்டில் அந்த மெல்லிய கம்பி இருக்கிறதே, எல்லோர் குரலுக்கும் மேலே ஒரு நூல் மாதிரி இழுத்துக்கொண்டு போனது. அதைக் கேட்க நான் பிறந்து வந்திருக்கிறேன். பூசை முடிந்ததும் இதையே சாமியாரிடம் சொன்னேன். "சவுண்டு சர்வீஸ்காரர் கடைசித் தூணுக்கே கேட்குதுன்னா சரி. மதலேனம்மாளும் ஒண்ணும் சொல்லல. கிட்டார் இருக்கட்டும்" என்றார். அவர் சொன்னதை உன் அப்பா எனக்குத் திருப்பி உரக்கச் சொன்னார், எல்லோருக்கும் தெரியட்டும் என்று.

பீரோவில் இப்போது ஆர்மோனியம் தூங்கட்டும்.

உன் தாய்மாமன்,
சூசையப்பன்


வண்டன்மேடு
9.2.1975

என் சூசை மாமாவுக்கு,

எல்லோரும் நலம். அம்மா நீங்கள் கொண்டுவந்த சேலையை உடுத்திக்கொண்டு இரண்டு ஞாயிறு கோயிலுக்குப் போய்விட்டாள். மூன்றாவது ஞாயிறும் அதேதானா என்று அப்பா கேட்டார்.

கிட்டார் கோயிலிலேயே இருக்கிறது. பெட்டியும் பாடற்குழு பெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மதலேனம்மாள் பாட்டுக்கு நடுவில் அதன் மேல் வெற்றிலைப்பை வைக்கிறார். அவருக்கு ஒரு பொருள் பிடித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். "ஐம்பது வாட்டுன்னாலும் என்ன அடக்கமாப் பேசுது பாரு" என்று எல்லோரிடமும் சொல்கிறார். நான் திருத்தவில்லை.

மாமா, ஒன்று சொல்ல வேண்டும். கடைசிப் பாட்டுக்கு முன்னாலேயே எனக்கு அந்த மெல்லிய கம்பி அறுந்துவிட்டது. வேறு கம்பி கையில் இல்லை. மீதி ஐந்தை வைத்துக்கொண்டு எப்படியோ வாசித்தேன். பக்கத்தில் இருந்த மதலேனம்மாளுக்கே தெரியவில்லை. நீங்கள் அது நூல் மாதிரி இழுத்துக்கொண்டு போனது என்று எழுதியதை நான் பல தடவை வாசித்தேன். யாரிடமும் காட்டவில்லை. அறுந்த கம்பியைக்கூட எனக்காகக் கேட்கிற ஒரு ஆள் இருக்கிறாரே என்று இருந்தது.

ஈஸ்டருக்குக் கட்டாயம் வாருங்கள். கடைசித் தூண் வேண்டாம். பெட்டியை ஒட்டி பெஞ்சில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. முதுகைப் பெட்டியில் சாய்த்துக்கொண்டு உட்காரலாம், மரம் கணகணப்பாக இருக்கும். தாய்மாமன் அங்கே உட்கார்ந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மதலேனம்மாள் வெற்றிலைப்பையை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அம்மா இனிமேல் பின்னால் நின்று கூப்பிட மாட்டாளாம். முன்னால் வந்து நின்றுதான் கூப்பிடுவாளாம்.

பிலோமி


பாலக்காடு
2.3.1975

மரத்துக்குள்ளும் பேசுகிறவர் துணை.

மருமகளே, சுகம். சுக்குப்பொடி தீர்ந்துவிட்டது, அம்மாவிடம் சொல். சேலையைப் பற்றி அவளை ஒன்றும் சொல்ல வேண்டாம், உடுத்தட்டும்.

கம்பி அறுந்த விஷயம் எனக்கு அப்போதே தெரியும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இத்துடன் மெல்லிய கம்பி ஒரு கொத்து அனுப்புகிறேன், ஞானஜோதி கொடுத்தார். கிட்டார் பெட்டிக்குள்ளேயே போட்டு வை.

போன வாரம் பொங்கியண்ணன் என்னைக் கோயமுத்தூருக்கு ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். நான் அவருக்குத் துணையாகப் போனேன் என்று வைத்துக்கொள். டாக்டர் ஒரு சின்ன இரும்புக் கவையைத் தட்டி என் காதோரம் பிடித்தார், பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். இரண்டு தடவையும் நான் தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார். பஸ்ஸில் பொங்கியண்ணன் வழியெல்லாம் என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து திறந்து பேசிக்கொண்டு வந்தார். ஊரெல்லாம் எங்களைப் பார்த்தது. முன்பைவிடத் தெளிவாகப் பேசுகிறார், உடம்பு தேறிவிட்டது போல.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமையே வந்துவிடுவேன். பெட்டிப் பக்கத்து இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே. தாய்மாமன் உட்கார வேண்டிய இடம் அதுதான் என்று நான் முன்பே சொல்லியிருக்கிறேன்.

எல்லோருக்கும் என் அன்பு.

மாமன்,
சூசையப்பன்

பி.கு.: கடைசித் தூணில் நான் நிற்கவே இல்லை. பாடற்குழு பெஞ்சை ஒட்டிய சாமான் அறையில், உன் பெட்டிக்குப் பின்னால், கதவை ஒருச்சாய்த்து வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளங்கையை மரத்தில் வைத்திருந்தேன். கதவிடுக்கில் உன் அம்மாவின் முகமும் மதலேனம்மாளின் கழுத்தும் தெரிந்தது. கழுத்தில் ஒரு நரம்பு எழவில்லை. கடைசிப் பாட்டில் உன் அம்மா கண்ணைத் துடைத்தாள், என் கைக்குள் மரம் துடித்தது. பாட்டு நன்றாக இருந்தது என்பதை அந்த இரண்டிலிருந்தும்தான் எழுதினேன். மெல்லிய கம்பி மட்டும் நானாகப் போட்டது.